வாசிக்காமல் எழுதிய மூன்று நாட்கள்

பாமன்கடைப் பாலத்தின் கீழ் இப்போது ஒரு சாம்பல் நிறப் பெட்டி பூட்டியிருக்கிறார்கள். தண்ணீரைத் தொடாமலே அது தண்ணீரின் உயரத்தை அளந்து, கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கந்தோருக்கு அனுப்பிவிடும். நான் ஓய்வுபெற்றுப் பதினொரு மாதமாகிறது. சென்ற கிழமை, புதிதாக வேலைக்கு வந்த என்ஜினியர் பிள்ளை ஒருவர் ரெலிபோன் எடுத்தார்.

"அங்கிள், பெட்டி மூண்டு நாள் வேலை செய்யேல்லை. முன்னுக்குப் பின்னுக்கு இருக்கிறதைப் பார்த்து இடையில நிரப்பிவிடலாமெண்டு இஞ்ச சொல்லுகினம். நீங்கள் அந்த நாளையில என்ன செய்தனீங்கள்?"

எனக்கு ரெலிபோனில் கதைக்க வராது. நேரில் கதைப்பதும் அவ்வளவுதான். "பொறுங்கோ பிள்ளை, எழுதித் தாறன்" என்று வைத்துவிட்டேன். கந்தோர் ஆண்டு மலருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் இது போதும்.

நான் படித்தது ஓ.எல். பரீட்சை, பதினொராம் வகுப்பு வரைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு கடையில் சில காலம் நின்றபின் இந்த வேலை கிடைத்தது. நீர்மட்ட வாசிப்பாளர் என்பது பதவியின் பெயர். பாலத்தடியில் தண்ணீருக்குள் ஒரு பலகை நிற்கும். அதில் கறுப்பும் வெள்ளையுமாக அளவு கீறியிருக்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போய், தண்ணீர் எந்த அளவில் நிற்கிறதென்று பார்த்து எழுத வேண்டும். அதோடு சைக்கிளில் கடற்கரைக்குப் போய், கால்வாய் கடலில் விழும் இடத்தில் மணல் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் புத்தகத்தைக் கந்தோரில் காட்ட வேண்டும். பழக்கிவிட மூன்று கிழமை என்றார்கள். மூன்று நாளில் பழகிவிட்டது.

கூச்சமுள்ள மனிதனுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பலகை எதுவும் கேட்காது.

என் மேலதிகாரி ரஹீம் சேர். தெமட்டகொடைக்காரர். என்ஜினியர் என்றாலும் மேசையில் இருந்து நான் பார்த்தது குறைவு. சட்டைப்பையில் எப்போதும் நாலு பென்சில், காலில் ரப்பர் செருப்பு, கையில் கடதாசியில் சுற்றிய, மீன் வைத்த மாலுபாண். முதல் நாள் என்னைப் படியில் இறக்கிவிட்டு மேலே நின்று சொன்னார்.

"மேலால நிண்டு பார்த்தா தண்ணி உங்களுக்குப் பொய் சொல்லும், தேவா. குனிங்க. இன்னம் குனிங்க. கண்ணு தண்ணியோட மட்டமா வரோணும். அலை அடிச்சா மேல எவ்வளவு, கீழ எவ்வளவு, ரெண்டையும் பாருங்க. நடுவ எழுதுங்க."

எழுதுவதற்கும் அவரிடம் முறை இருந்தது. பேனையால் எழுதக்கூடாது, மழையில் ஊறிவிடும். பென்சில்தான், ஆனால் அழிறப்பர் வைத்திருக்கக்கூடாது. பிழைத்தால் ஒரே ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பிழைத்த எண்ணும் கோட்டுக்குக் கீழே தெரிய வேண்டும். கடைசி நிரலில் குறிப்பு. அன்று பலகையடியில் எது நடந்தாலும் அதில் வர வேண்டும்.

அவர் நிறையக் கதைப்பார். நான் நிறையக் கேட்பேன். கிழமையில் இரண்டு நாள் மேலேயுள்ள கிருலப்பனைப் பாலத்திலிருந்து கீழே பாமன்கடைப் பாலம் வரை கரையால் நடப்போம். "கால்வாய் எண்டு பேர் வெச்சது மனிசன். தண்ணிக்கு அது தெரியா. அது ஆறு மாதிரித்தான் நடக்கும்" என்பார். வளைவில் நிறுத்தி, வெளிக்கரை அரிபட்டுக் கிடப்பதையும் எதிரே உள்கரையில் மணல் சேர்ந்திருப்பதையும் காட்டுவார். "பாருங்க, அந்தப் பக்கம் தின்னும், இந்தப் பக்கம் துப்பும். இத நிப்பாட்டச் சொல்லித்தான் எங்களுக்குச் சம்பளம்."

அந்த வளைவின் உள்பக்கத்தில்தான் சதுப்பு நிலம் இருந்தது. கங்குன் கீரையும் நாணலும் மண்டிய இடம். ஊர்க் குப்பையும் அங்கேதான். அதை மண் போட்டு நிரப்பி, வளைவை நேராக்கி, இருபக்கமும் சுவர் கட்டுவதென்று ஒரு திட்டம் வந்தது. அதற்குக் கீழே, எங்கள் பாலத்தடியில், ஒரு வரிசை வீடுகள் உண்டு. சதுப்பை மூடினால் மழைத் தண்ணீர் நேராக அந்த வீடுகளுக்குத்தான் வரும் என்பது ரஹீம் சேரின் வாதம்.

"இது கால்வாய்ட வயிறு, தேவா. மழை பெஞ்சா தண்ணி இதுக்குள்ள போய்ப் படுத்துட்டு ஆறுதலா எழும்பி வரும். மேல் பாலத்துல இண்டைக்கி ஏறினா கீழ் பாலத்துல நாளைக்கித்தான் ஏறும். அதுவும் பாதி. மெதுவா ஏறி மெதுவா எறங்கும்."

இதை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று தெரியாது. எனக்குப் பாடமாகிவிட்டது.

இப்போது எங்கள் ஆட்களிடம் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றோ பஸ் இல்லையென்றோ ஒரு நேரம் வாசிக்கத் தவறினால், முந்தினதையும் பிந்தினதையும் கூட்டி இரண்டால் பிரித்து எழுதிவிடுவார்கள். நான் வேலைக்கு வந்த கிழமையே மற்ற வாசிப்பாளர்கள் இதைச் சொல்லித் தந்தார்கள். மழையில்லாத நாளில் அதனால் ஒரு குடியும் கெடாது. நான் அதுவரை செய்யவில்லை. நேர்மையென்று சொல்ல மாட்டேன், தேவை வரவில்லை.

வேலைக்கு வந்த ஆறாம் வருட ஐப்பசியில் தேவை வந்தது. இரண்டு நாள் விடாமல் மழை. காலை வாசிப்புக்குப் படியிறங்கும்போது பொலிஸ் ஜீப் வந்து நின்றது. முந்தின நாள் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், கையில் பாலத்தடியில் நின்று எண் எழுதிய புத்தகம். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஏற்றியிருப்பேன். நிலையத்தில் ஒருவர் ஏட்டைப் புரட்டிச் சிங்களத்தில் கேட்டார்: "இது பாலத்தின் உயரமா?" தண்ணீரின் உயரம் என்றேன். "நாளைக்கு ஓடிப்போற தண்ணியை இண்டைக்கு எழுதி என்ன செய்யப்போறாய்?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் வீட்டுச் சொந்தக்காரர் வடக்கிலிருந்து வந்து தங்குபவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டுடன் வந்து என்னை மீட்டார். அடி விழவில்லை. புத்தகத்தையும் தந்தார்கள்.

நேரே பாலத்துக்குப் போனேன். தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. அந்த மாலை வாசிப்பை உண்மையாக எழுதினேன். மேலே ஐந்து வாசிப்புகள் வெறுமையாக இருந்தன. மூன்று நாட்கள் பிடித்த வெறுமை. அதுவும் பெருமழை நாட்கள்.

வெறுமையாக விட்டால் வெள்ளிக்கிழமை காரணம் சொல்ல வேண்டும். பொலிஸில் இருந்தேன் என்று சொன்னால் அது கந்தோரில் என்னைப் பற்றி வைத்திருக்கும் கோவையில் ஏறும். அந்தக் காலத்தில் அரசாங்கக் கந்தோரில் ஒரு தமிழனின் கோவையில் அந்த வரி ஏறினால் பிறகு இறங்காது. பாலத்தடிச் சுவரில் உட்கார்ந்து ஐந்தையும் எழுதினேன். கூட்டிப் பிரிக்க முடியாது, இடையில் தண்ணீர் ஏறி இறங்கியிருக்கிறது. ஆகவே எப்படி ஏறியிருக்கும் என்று யோசித்து எழுதினேன். பிந்தி ஏறி, மெதுவாக இறங்கி.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாதங்கள் போயின. வைகாசியில் வெசாக் பண்டிகை முடிந்த பிறகு ஒருநாள் ரஹீம் சேர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். சதுப்பை நிரப்புவதா விடுவதா என்று முடிவெடுக்க அடுத்த நாள், கந்தோருக்குத் தலைவரான பெரிய சேர் முன்னிலையில் கூட்டம். அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி இறங்கியதைக் கட்டக் கடதாசியில் இரண்டு கோடுகளாக வரைந்திருந்தார். ஒன்று கிருலப்பனை, மற்றது பாமன்கடை.

"ஒங்கட கோட்டப் பாருங்க தேவா, எவ்வளவு அழகா ஈக்கு! பத்து வருசமா நான் வாயால சொன்னத, நீங்க மூணு நாளுல காட்டித் தந்திட்டீங்க."

பார்த்தேன். நான் உட்கார்ந்து எழுதிய ஐந்து புள்ளிகள். அவர் எனக்குச் சொல்லித் தந்ததை நான் எழுதியிருந்தேன். அதை அவர் சாட்சி என்று எடுத்திருந்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். "என்ன, டீ வேணுமா?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவ சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தா.

"வேலை போகுமோ?"

"போகலாம்."

"சொல்லாமல் விட்டால்?"

"சதுப்பு தப்பும். வீடுகளும் தப்பும் எண்டு சேர் சொல்லுறார். ஆனால் அது மெய்யோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தா. "இஞ்சாருங்கோ, பொலிஸில வாய் திறக்காமல் இருந்தது கெட்டித்தனம். அந்த மனுசனுக்கு முன்னால வாய் திறக்காமல் இருந்தால் அது களவு. சாப்பிடுங்கோ, குழம்பு ஆறுது."

மறுநாள் காலை கந்தோர்ப் படியில் நின்றேன். ரஹீம் சேர் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார்.

"சேர், அந்த மூண்டு நாளும் நான் வாசிக்கேல்லை."

அவர் ஒரு படி கீழே நின்றார். "அப்ப எங்க இருந்தீங்க?"

"பொலிஸில."

"அந்த எண்ணெல்லாம்?"

"நீங்கள் சொன்ன மாதிரி எழுதினனான்."

"நான் எப்ப சொன்ன?" என்று கேட்டவர் பாதியில் நிறுத்திவிட்டார். விளங்கிவிட்டது. அவர் முகம் அப்படி ஆகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். படியிலேயே உட்கார்ந்து என் புத்தகத்தை வாங்கி, பையிலிருந்து பென்சில் எடுத்து, ஐந்து வாசிப்புக்கும் ஐந்து கோடு கீறினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'வாசிக்கப்படவில்லை' என்று எழுதினார்.

"சுவருகள்ல தண்ணி நிண்ட அடையாளத்தப் போய்ப் பார்ப்பமா?" என்று தனக்குத்தானே கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். வெசாக்குக்கு எல்லாரும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். "வாங்க. உள்ளுக்கு நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா நான் ஒங்களக் காப்பாத்துறதா போகும்."

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த அறை. என் ஆங்கிலம் பிழை, சிங்களம் அதைவிடக் கொஞ்சம் மேல். எழும்பி நின்று சிங்களத்தில் மூன்று வசனம் சொன்னேன். வாசிக்கவில்லை. பொலிஸில் இருந்தேன். பயத்தில் எழுதினேன்.

பெரிய சேர் சதுப்பை நிரப்ப வேண்டும் என்ற பக்கம். மோசமான மனிதர் இல்லை. மெதுவாகக் கேட்டார்: "மூன்று நாளை விடுவோம். மற்ற நாளெல்லாம் நீர் வாசித்தீர் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆறு வருடத்துப் புத்தகங்கள் மேசையில் இருந்தன. மழையிலும் வெயிலிலும் குனிந்த ஆறு வருடம். அது முழுவதும் அந்த ஐந்து எண்ணால் போகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

பெரிய சேர் ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் திறந்தார். "இந்தக் குறிப்பு என்ன?" என்று ரஹீம் சேரிடம் நீட்டினார். குறிப்புகளை நான் தமிழில் எழுதுவேன். ரஹீம் சேர் கண்ணாடியைப் போட்டு மொழிபெயர்த்தார்.

"பலகையடியில் மெத்தை ஒன்று சிக்கியுள்ளது. கீழ் அளவு தெரியவில்லை."

"இது?"

"காய்ச்சல். ஏழேகாலுக்குத்தான் வந்தேன்."

"இது நீளமாக இருக்கிறதே."

"படியில் கபரகொய்யா படுத்திருந்தது. இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். அது போகவில்லை. மேலே நின்று வாசித்தேன். ஒரு விரல் பிழைத்திருக்கலாம்."

அறை முழுவதும் சிரித்தது. முதலைக் குட்டிபோல் ஆளுயரத்துக்கு வளரும் அந்தத் தண்ணீர் உடும்புக்குக் கொழும்பில் பயப்படாதவர் யார்? எனக்குக் காது சுட்டது. பெரிய சேர் சிரிக்கவில்லை. இன்னும் நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு அந்த ஐந்து கோடுகள் இருந்த பக்கத்துக்கு வந்து, "இந்த மூன்று நாளில்தான் ஒரு குறிப்பும் இல்லை. நான் அப்போதே கண்டிருக்க வேண்டும்" என்றார். புத்தகத்தை மூடினார். மற்ற நாட்கள் நிற்கும், அந்த மூன்று நாட்கள் போகும், அடுத்த மழைக்காலம் வரை சதுப்பைத் தொடக்கூடாது என்பது முடிவு. எனக்கு ஓர் எழுத்து எச்சரிக்கை. அது என் கோவையில் இப்போதும் இருக்கும்.

ரஹீம் சேர் என்னை மாற்றிவிடவில்லை. பாலத்தில் பொலிஸுக்குக் காட்டுவதற்கு முத்திரை குத்திய சிங்களக் கடிதம் ஒன்று எடுத்துத் தந்தார். முன்போல் கரையால் நடந்தோம். ஆனால் அவர் கதைப்பதில்லை. வளைவில் நிற்பார், பார்ப்பார், மாலுபாணைச் சாப்பிடுவார், நடப்பார். நான் ஏதும் கேட்டால் "பார்ப்பம்" என்பார். என்னோடு கோபம் என்று எடுத்துக்கொண்டேன். எச்சரிக்கைக் கடிதத்தைவிட அது கனமாக இருந்தது.

மறு ஐப்பசியில் மழை வந்தது. முதல் இரண்டு நாளும் நானே வாசித்தேன். மூன்றாம் நாள் காலை போனால் பாலம் பூட்டு. பெரிய ஆள் ஒருவர் அந்த வழியால் போகிறாராம், வாகனங்கள் போய் முடியும்வரை ஒருவரும் பாலத்தில் ஏறவோ பாலத்தடிக்கு இறங்கவோ கூடாது. காவலில் நின்ற சார்ஜன்ட் நரைமீசைக்காரர், என் கடிதத்தை ஒவ்வொரு நாளும் முதல் எழுத்திலிருந்து வாசிப்பவர்.

"இண்டைக்குக் கடிதம் சரிவராது, மல்லி." தம்பி என்பதற்கு அவர்கள் சொல் அது.

"ராலஹாமி, ஆறு மணி ஆகுது. தண்ணி உச்சத்துக்கு வருது."

"தண்ணிக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை. உனக்குத்தான் போடலாம். நில்."

நின்றேன். கூச்சம் அன்று எங்கே போனதென்று தெரியவில்லை. "அப்ப நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். தோளிலிருந்த துவக்கைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். "மேலே நின்று பார்க்க வேண்டாம், குனிய வேணும்" என்று சொல்லத் தொடங்கினேன். "நான் குளத்து ஊரில பிறந்தவன். தண்ணி பார்க்க நீ எனக்குச் சொல்லித் தராதே" என்றபடி இறங்கிப் போனார். தொப்பியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுக் குனிந்தது தூரத்தில் தெரிந்தது. வந்து இரண்டு எண் சொன்னார்: அலையின் மேல், அலையின் கீழ். இரண்டும் வேண்டுமென்று நான் கேட்கவே இல்லை.

நடுவை எழுதினேன். குறிப்பில் இப்படி எழுதினேன்: 'பாலம் மூடப்பட்டது. காவலில் நின்ற சார்ஜன்ட் வாசித்துச் சொன்னார். நான் காணவில்லை.'

அந்த மழையில் அதுதான் ஆக உயர்ந்த வாசிப்பு. ரஹீம் சேர் சொன்னதைவிட உயரம். தண்ணீர் பிந்தித்தான் வந்தது, அது சரி. ஆனால் பாதியாகவில்லை. பாலத்தடியில் நாலு வீட்டுக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை புத்தகத்தைக் கொடுத்தபோது அவர் அந்த எண்ணையும் குறிப்பையும் இரண்டு தரம் வாசித்தார். தன் கட்டக் கடதாசியை விரித்துப் புள்ளி வைத்தார். அவர் பத்து வருடம் சொல்லிவந்த கோட்டுக்கு மேலே போய் விழுந்தது அது.

இரண்டாவது கூட்டத்தில் யாரோ, பொலிஸ்காரர் வாசித்ததை எப்படி எடுப்பது என்று கேட்டார்கள். பெரிய சேர் சொன்னார்: "அவருக்கு ரஹீமையும் தெரியாது, என்னையும் தெரியாது. எங்கள் இருவரில் யாரையும் சந்தோஷப்படுத்த வேண்டிய தேவை அவருக்கு இல்லை. நான் எடுக்கிறேன்." சதுப்பு பிந்தவைத்தும் நாலு வீட்டுக்குள் தண்ணீர் போனதென்றால் அதை மூடினால் இன்னும் கூடுமென்று, நிரப்பும் திட்டம் அன்றோடு கைவிடப்பட்டது. குப்பையை அள்ளி இன்னும் ஆழமாக்குவதென்றும், பாலத்தடி வீடுகளின் பக்கம் மட்டும் கம்பிவலையில் கல் அடுக்கிக் கரையை உயர்த்துவதென்றும் முடிவானது. ரஹீம் சேர் பாதி தோற்று, சதுப்பைக் காப்பாற்றினார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கேட்டேன். இவ்வளவு காலத்தில் தண்ணீரைப் பற்றியல்லாமல் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"சேர், என்னோட இன்னும் கோவமோ?"

"கோவமா?" அவர் நின்றுவிட்டார். "அட மனிசா, ஒங்களோட என்னத்துக்குக் கோவம்? அன்னைக்கி நீங்க எழுதினது என்ட கத. நான் வாயத் தொறந்தா நீங்க தண்ணியில அதத்தான் காணுவீங்க. நல்ல மனிசன் நீங்க, சொன்னதக் கேக்கிறவர். அதுதான் பயம். அதுனால வாய மூடிட்டன்."

அதற்குப் பிறகு அவர் ஓய்வுபெறும் வரை ஒன்பது வருடம் நாங்கள் அந்தக் கரையால் நடந்தோம். தண்ணீர் என்ன செய்யும் என்று அவர் நினைக்கிறார் என்பதை, நான் எழுதி முடித்துப் புத்தகத்தை மூடும்வரை ஒருநாளும் சொன்னதில்லை. அநேகமாக அதன் பிறகும் சொன்னதில்லை.